காற்றில் புளித்த பீர்

பிரஸ்ஸல்ஸின் ஒரு மூலையில், ஈஸ்ட் எதுவும் சேர்க்காமல், கூரையின் ஜன்னல்களைத் திறந்துவைத்துக் காத்திருந்து ஒரு பீர் தயாரிக்கிறார்கள். ஒயினைப் போல அது மூன்று வருஷம் பீப்பாயில் கிடக்கிறது. அதற்குக் குளிர்ந்த இரவுகள் வேண்டும். அவை குறைந்துகொண்டு வருகின்றன.

பிரஸ்ஸல்ஸில் எல்லாவற்றுக்கும் இரண்டு பெயர்கள். லண்டனிலிருந்தும் பாரிஸிலிருந்தும் வரும் அதிவேக ரயில்கள் நிற்கிற தெற்கு நிலையம் பிரெஞ்சில் ‘மிடி’, டச்சில் ‘ஸாய்ட்’. நிலையத்துக்கு வெளியே சுற்றுலாப் புத்தகத்து பிரஸ்ஸல்ஸ் தென்படாது. மொராக்கோ வம்சாவளியினர் நடத்தும் ரொட்டிக் கடைகள், ஹலால் இறைச்சிக் கடைகள், பழைய கார்களை வாங்கி ஏற்றுமதி செய்யும் கிடங்குகள். இவற்றைத் தாண்டிப் பத்து நிமிஷம் நடந்தால், ஆண்டர்லெக்ட் பகுதியின் குறுகலான ஒரு தெருவில் 56ஆம் எண் கட்டடம். பார்வைக்கு லாரி ஷெட். பெயர்ப்பலகையைக் கவனிக்காவிட்டால் தாண்டிப் போய்விடலாம்.

கதவைத் திறந்ததும் மூக்குக்கு முதலில் எட்டுவது பீர் வாசனை அல்ல. ஈரக்கல், பழைய மரம், நசுக்கிய ஆப்பிள், எங்கோ பின்னால் லேசாக வினிகர். இதுதான் கான்டியோன் மதுவாலை. 1900இல் போல் கான்டியோன் என்பவர் ஆரம்பித்தது. இன்றும் குடும்பத்தின் கையில். இங்கே தயாராவது லாம்பிக் எனப்படும் பீர். பீர் என்று சொல்வது ஒரு வசதிக்காகத்தான். தானியத்தில் செய்வதால் அந்தப் பெயர். கண்ணை மூடிக்கொண்டு ஒரு மிடறு குடித்தவரைக் கேட்டால், உலர்ந்த வெள்ளை ஒயின் என்பார், இல்லையென்றால் ஸ்பெயின் நாட்டு ஷெர்ரி என்பார்.

நவம்பர் மாதத்து சனிக்கிழமை ஒன்றில், பொதுமக்கள் பார்க்க நடத்தும் காய்ச்சலுக்குப் போயிருந்தேன். வெளியே இருட்டு விலகியிருக்கவில்லை. உள்ளே பெல்ட் ஓடும் சக்கரங்கள், வார்ப்பிரும்புத் தொட்டி, செம்புக் கொப்பரைகள். எல்லாம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தினுசு. ஒரு தடவைக்குச் சுமார் 1,300 கிலோ தானியம். மூன்றில் இரண்டு பங்கு முளைகட்டிய பார்லி, மீதி முளைகட்டாத கோதுமை. சுடுநீரில் கரைத்து வடித்தால் பத்தாயிரம் லிட்டர் இனிப்புக் கஷாயம். ‘வோர்ட்’ என்பார்கள். ஒரு சின்ன டம்ளரில் எல்லோருக்கும் ருசி பார்க்கக் கொடுத்தார்கள். சர்க்கரை தூக்கலாகப் போட்ட கோதுமைக் கஞ்சித் தெளிவு மாதிரி இருந்தது. இந்த இனிப்பை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. மூன்று வருஷம் கழித்து இதில் ஒரு துளி கூட மிஞ்சாது.

கஷாயம் மணிக்கணக்கில் கொதிக்கிறது. கால் பங்கு ஆவியாகிப் போகும்வரை விடமாட்டார்கள். அதில் போடும் ஹாப்ஸ் பூவும் வேறு மாதிரி. மற்ற மதுவாலைகள் புதுப் பூவுக்குப் பறக்கும்; இங்கே வேண்டுமென்றே இரண்டு, மூன்று வருஷம் பழசாக்கிய பூ. கசப்பும் மணமும் போய்விட்டிருக்கும். முகர்ந்தால் பழைய பாலாடைக்கட்டி நாற்றம். கெடாமல் காக்கும் குணம் மட்டும் எஞ்சியிருக்கும். அதுதான் இவர்களுக்குத் தேவை.

சாயங்காலம் எல்லோரையும் மரப்படி வழியாக மேலே கூட்டிக்கொண்டு போனார்கள். கூரைக்கு நேர் கீழே, ஒரு அறையின் அகலத்துக்குச் செம்பில் அடித்த தொட்டி. ஆழம் அதிகமில்லை. நம் ஊர்க் கல்யாணப் பந்தியில் பாயசம் ஆற வைக்கும் தாம்பாளத்தைப் பல நூறு மடங்கு பெரிதாக்கிக்கொள்ள வேண்டும். கொதிக்கும் கஷாயம் அதில் விழ, ஆவி எழும்பிப் பக்கத்தில் நிற்பவர் முகம் தெரியவில்லை. சுவரில் வெளிக்காற்றுக்கான திறப்புகள். ஓடுகளின் இடுக்கு வழியாகவும் காற்று வரும். இரவு முழுவதும் கஷாயம் அப்படியே திறந்து கிடக்கும். விடியும்போது சுமார் 20 டிகிரிக்கு ஆறியிருக்கும். அதற்குள் வரவேண்டிய விருந்தாளிகள் வந்து சேர்ந்திருப்பார்கள்.

விருந்தாளிகள் என்றால் கண்ணுக்குத் தெரியாத ஈஸ்ட்களும் பாக்டீரியாக்களும். யாரும் அவற்றை வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவில்லை. பாக்கெட்டிலிருந்து கொட்டவும் இல்லை. இதன் விசேஷம் புரிய மற்ற பீர்களின் கதை கொஞ்சம் தெரிய வேண்டும். 1876இல் லூயி பாஸ்டர் பீரைப் பற்றிய தன் ஆராய்ச்சி நூலை வெளியிட்டு, பீர் கெட்டுப்போவதற்குக் காரணம் வேண்டாத நுண்ணுயிர்கள் என்று நிறுவினார். 1883இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஒரே ஒரு ஈஸ்ட் செல்லிலிருந்து கலப்பில்லாத ஈஸ்ட்டை வளர்த்துக் காட்டினார். உலகத்துப் பெரிய மதுவாலைகள் எல்லாம் அந்தப் பாதையில் திரும்பின. சுத்தம், எஃகு, குளிர்சாதனம், எந்த ஊரில் வாங்கினாலும் ஒரே ருசி. டில்லியில் குடித்தாலும் டோக்கியோவில் குடித்தாலும் ஒன்றாக இருக்கும் பீர் அன்று பிறந்ததுதான்.

பிரஸ்ஸல்ஸின் லாம்பிக்காரர்கள் மட்டும் திரும்பவில்லை. வேடிக்கை என்னவென்றால், லாம்பிக்குக்கு அதன் ருசியைக் கொடுக்கும் ஈஸ்ட்டைப் பிற்பாடு அடையாளம் கண்டதும் அதே கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடம்தான். 1904இல் நீல்ஸ் யெல்ட் கிளாசன் அங்கே அதை இங்கிலாந்தின் பழைய பீரில் கண்டுபிடித்தார். ‘பிரிட்டிஷ் பூஞ்சை’ என்ற பொருளில் ‘ப்ரெட்டனோமைசிஸ்’ என்று பெயர் வைத்தார். பிரஸ்ஸல்ஸின் பெயரைத் தாங்கிய ஒரு வகையும் அதில் உண்டு. ஒயின் தயாரிப்பவர்கள் இந்தப் பெயரைக் கேட்டாலே அலறுவார்கள். அவர்களுடைய பீப்பாயில் புகுந்தால் சரக்கு நாறிவிடும். லாம்பிக்காரர்களோ அதற்காகத் தவம் கிடக்கிறார்கள்.

மறுநாள் காலை கஷாயம் பீப்பாய்களுக்குப் போகிறது. ஓக் மரத்திலும் செஸ்ட்நட் மரத்திலும் செய்த பழைய பீப்பாய்கள். பல பிரான்சில் ஒயினும் கோன்யாக்கும் வைத்திருந்தவை. சில நாளில் உள்ளே கலவரம் தொடங்கி, மேல்துளை வழியாகப் பழுப்பு நுரை பொங்கி வழிகிறது. வழியட்டும் என்று விடுகிறார்கள். அடங்கிய பிறகுதான் அடைப்பு.

உள்ளே நடப்பது ஒரு ஆட்சி மாற்றத் தொடர். முதல் மாதம் குடல் பாக்டீரியா இனத்தைச் சேர்ந்தவற்றின் ராஜ்யம். அந்தக் கட்டத்தில் வாயில் வைக்க முடியாது. பிறகு வழக்கமான ஈஸ்ட் வந்து சர்க்கரையைச் சாராயமாக்குகிறது. இரண்டு மாதம் போனால் பீடியோகாக்கஸ் என்ற பாக்டீரியா. தயிரைப் புளிக்கவைக்கும் அதே லாக்டிக் அமிலத்தை இது உற்பத்தி பண்ணுகிறது. இதன் காலத்தில் பீர் சில சமயம் வெண்டைக்காய்ச் சாறு மாதிரி கொழகொழத்துப்போகும். ‘நோய்’ கண்டிருக்கிறது என்பார்கள். மருந்து எதுவும் கொடுப்பதில்லை, காத்திருப்பார்கள். அரை வருஷத்துக்குப் பிறகு ப்ரெட்டனோமைசிஸ் தலையெடுத்து, அந்தக் கொழகொழப்பையும் மற்றவை தொடாமல் விட்ட சர்க்கரையையும் சாவகாசமாகத் தின்று தீர்க்கிறது. பீர் தெளிந்துவிடும். பெல்ஜிய விஞ்ஞானிகள் 2014இல் வெளியிட்ட ஆய்வு இந்த வரிசையை உறுதி செய்தது. இத்தனை உயிர்களும் காற்றில் மட்டும் வருவதில்லை. பீப்பாய் மரத்திலும் கட்டடத்திலும் குடியிருக்கின்றன என்பதும் இப்போது தெரிந்திருக்கிறது.

அதனால்தான் பீப்பாய் அறையில் ஒட்டடை அடிப்பதில்லை. உத்தரத்திலிருந்து சிலந்தி வலைகள் திரைச்சீலை மாதிரி தொங்குகின்றன. கோடைக்காலத்தில் பழச்சாற்றுக்கு வரும் ஈக்களைச் சிலந்திகள் பிடித்துத் தின்றுவிடும். பூச்சிமருந்து அடிக்கத் தேவையில்லை. சிலந்தியைக் கொல்லக்கூடாது என்பது இங்கே எழுதப்படாத சட்டம். நம் வீடுகளில் பொங்கலுக்கு முன்னால் ஒட்டடைக் கம்போடு அலையும் பெண்மணிகளுக்கு இந்த அறையைக் காட்டக்கூடாது.

ருசிக்கு வருவோம். கூடத்தில் பழைய பீப்பாய்களைக் கவிழ்த்து மேஜையாக்கியிருக்கிறார்கள். முதல் டம்ளர், ஒரு வருஷம் கூட ஆகாத லாம்பிக். நுரை இல்லை, வாயு எல்லாம் பீப்பாய் வழியாகவே போய்விட்டது. கலங்கலான மஞ்சள். நாக்கில் பட்டதும் மாங்காய்ப் பிஞ்சின் கூர்மை. பக்கத்தில் நின்ற ஜெர்மன்காரர் முகத்தைச் சுளித்தார். தன் ஊர்ப் பீரின் மேல் அவருக்குள்ள விசுவாசம் அப்படி. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நீராகாரத்தையும் மூன்றாம் நாள் இட்லி மாவையும் அறிந்த நாக்குக்கு இந்தப் புளிப்பு அந்நியமல்ல.

அடுத்தது மூன்று வருஷம் பழுத்தது, கலப்பில்லாதது. நிறம் தேனுக்கு வந்துவிட்டது. புளிப்பு இன்னும் இருக்கிறது, ஆனால் பல் கூசவில்லை. எலுமிச்சைத் தோல், உலர்ந்த வைக்கோல், ஈரத்தோல், மரத்தின் துவர்ப்பு. விழுங்கிய பிறகு அடிநாக்கில் நெல்லிக்காய் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்த மாதிரி ஒரு தித்திப்பு நிழல். சர்க்கரை கிடையாது, அது நாக்கின் மாயம். சாராயம் ஐந்து, ஆறு சதவிகிதம்தான், ஒயினில் பாதி. ஒயின் மாதிரி தோன்றக் காரணம் வேறு: கசப்பு கிட்டத்தட்ட இல்லை, அமிலத்தின் அளவு ஒயினுக்குச் சமம், மரப் பீப்பாயின் துவர்ப்பு, வருஷங்கள்.

இந்த ருசிக்கு ஆங்கிலத்தில் ஒரு பிரசித்தமான வர்ணனை உண்டு: குதிரைப் போர்வை. வேர்வை காயாத குதிரையின் மேல் போட்டெடுத்த கம்பளியின் வாசனையாம். மொழிபெயர்ப்பில் காலம் தள்ளுகிறவன் என்கிற முறையில் எனக்கு இதில் ஒரு தொழில்முறை அக்கறை. குதிரைப் போர்வை என்று தமிழில் எழுதினால் யாருக்கு என்ன விளங்கும்? மாட்டுத்தொழுவம் என்றால் உடனே விளங்கும். மழை விட்ட மறுநாள் காலை வைக்கோல் போருக்குப் பக்கத்தில் மாடு கட்டியிருக்கும் இடம். அதில் அருவருப்பு இல்லை. சுவைகளை ஆறு என்று பிரித்து, துவர்ப்புக்கும் தனி ஆசனம் கொடுத்த மொழி நம்முடையது. பீர் என்றால் கசப்பு என்று மட்டும் தெரிந்தவர்கள் லாம்பிக்கைப் பற்றிப் பேசத் தடுமாறும் இடத்தில் தமிழுக்குச் சொல் பஞ்சம் இல்லை.

தலைக்கு மேலுள்ள பெயர்களை எழுதுவதில்தான் பஞ்சம். ஒரு வருஷ, இரண்டு வருஷ, மூன்று வருஷ லாம்பிக்குகளைக் கலந்து, ஷாம்பெய்ன் பாட்டிலில் அடைத்து, தக்கை வைத்துக் கம்பி கட்டுகிறார்கள். இளசில் மிஞ்சியிருக்கும் சர்க்கரை பாட்டிலுக்குள் மறுபடி நொதித்து நுரை கொடுக்கிறது. இந்தக் கலவையின் பெயரைத் தமிழில் ‘கேஸ்’ என்று எழுதினால் கோர்ட் ஞாபகம் வருகிறது. ‘கெஸ்’ என்றால் ஊகம். உச்சரிப்புக்குக் கிட்டத்தில் இருப்பது பின்னதுதான். அர்த்தமும் அவ்வளவு பொருத்தமில்லாமல் போய்விடவில்லை. எந்தப் பீப்பாயிலிருந்து எவ்வளவு எடுப்பது என்பதற்குச் சூத்திரம் கிடையாது. ஒரே நாள் காய்ச்சிய கஷாயம் இரண்டு பீப்பாயில் இரண்டு விதமாக வளர்ந்திருக்கும். ஒவ்வொன்றையும் ருசி பார்த்து, இன்னும் இரண்டு வருஷம் கழித்து இது எப்படி ஆகும் என்று நாக்கால் ஊகிக்க வேண்டும். கலப்பதை மட்டுமே தொழிலாகக் கொண்டவர்களும் இந்தப் பகுதியில் உண்டு. அவர்கள் காய்ச்சுவதில்லை; கஷாயத்தை விலைக்கு வாங்கி வந்து தங்கள் பீப்பாயில் வளர்க்கிறார்கள்.

பழம் போடுவதும் பழைய வழக்கம். ஜூலையில் புளிப்புச் செர்ரி வந்ததும் பீப்பாயில் 150 கிலோ பழத்தைக் கொட்டையோடு போட்டு, 500 லிட்டர் லாம்பிக்கை ஊற்றிவிடுகிறார்கள். சதை கரைந்து, கொட்டையிலிருந்து இறங்கும் பாதாம் வாசனையோடு செக்கச்செவேல் என்று வெளியே வருவது ‘க்ரீக்’. திராட்சை போட்டு ஊறவைப்பதும் உண்டு. அது பீரா, ஒயினா என்று பட்டிமன்றம் வைக்கலாம்.

இந்தக் க்ரீக்கின் பெயரைச் சொல்லித்தான் லாம்பிக்கைக் கொல்லப் பார்த்தார்கள். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு கோலா குடித்து வளர்ந்த தலைமுறை புளிப்பைக் கண்டு ஓடியது. பெரிய கம்பெனிகள் சளைக்கவில்லை. லாம்பிக்கோடு சர்க்கரை, சாக்கரின், பழச்சிரப் எல்லாம் சேர்த்து, வடிகட்டி, சூடுபண்ணி, அதே பெயரில் விற்றன. மூன்று வருஷம் காத்திருந்து செய்பவர்கள் ஒவ்வொருவராகக் கடையைக் கட்டினார்கள். கான்டியோன் குடும்பத்தின் மருமகனாக வந்து பொறுப்பேற்ற ழான்-பியர் வான் ராய் 1978இல் ஒரு காரியம் செய்தார். மதுவாலையையே மியூசியமாக அறிவித்து, டிக்கெட் வாங்கியவர்களை உள்ளே விட்டார். உற்பத்தி நிற்கவில்லை. பார்க்க வந்தவர்கள் குடித்தார்கள். குடித்தவர்கள் ஊருக்குப் போய்ச் சொன்னார்கள். இங்கிலாந்துப் பத்திரிகையாளர் மைக்கேல் ஜாக்சன் (பாடகர் அல்ல, இவர் பீரைப் பற்றி எழுதி 2007இல் காலமானவர்) பெல்ஜிய பீர்களைப் பற்றி எழுதிய புத்தகங்கள் அட்லாண்டிக்கைத் தாண்டி ஆள் சேர்த்தன. 1990களின் பிற்பகுதியில் ஐரோப்பிய யூனியனின் பாதுகாப்பும் கிடைத்தது. ‘பழைய’ என்ற பொருள்தரும் ‘அவுட’ என்ற சொல்லை லேபிளில் போட வேண்டுமென்றால் சர்க்கரை வித்தை காட்டக்கூடாது. 2016இல் பெல்ஜியத்தின் பீர்ப் பண்பாடு யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறியது. இன்றைக்குக் கான்டியோன் கடையில் ஆளுக்கு இத்தனை பாட்டில்தான் என்று ரேஷன். ழான்-பியரின் மகன் ழான் வான் ராய் இப்போது நடத்துகிறார்.

பிரஸ்ஸல்ஸில் சென் என்று ஒரு நதி உண்டு. தேடினால் கிடைக்காது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது திறந்த சாக்கடையாகி, காலரா பரவ, 1867க்கும் 1871க்கும் இடையே நகருக்குள் அதை மூடி மேலே அகலமான சாலைகளைப் போட்டுவிட்டார்கள். இந்த நதிப் பள்ளத்தாக்கின் காற்றில்தான் லாம்பிக் பிறக்கும், வேறெங்கும் பிறக்காது என்பது இங்கே வேதவாக்கு. அது முழு உண்மை என்று நான் நினைக்கவில்லை. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்து மதுவாலை ஒன்று 2000களின் பிற்பகுதியில் இதே மாதிரி தொட்டி வைத்து, தன் ஊர்க் காற்றில் புளிக்கவைத்துக் காட்டியது. புளித்தது, நன்றாகவும் இருக்கிறது என்கிறார்கள். மண் எங்கும் ஈஸ்ட் இருக்கிறது. ஆனால் நூறு வருஷம் ஊறிய மரமும், ஒட்டடையைத் தொடாத பிடிவாதமும் எங்கும் இல்லை.

இந்தப் பள்ளத்தாக்கு நகரத்தை விட்டு மேற்கே விரியும் கிராமப்புறத்துக்குப் பாயோட்டன்லாந்த் என்று பெயர். அலையலையான வயல்கள், பாப்லார் மரங்கள், ஊருக்கு ஊர் செங்கல் தேவாலயம். பதினாறாம் நூற்றாண்டு ஓவியர் பீட்டர் ப்ரூகல் வரைந்த நாட்டுப்புறம் இது. 1568இல் அவர் வரைந்த, குருடர்களுக்குக் குருடன் வழிகாட்டும் ஓவியத்தின் பின்னணியில் தெரிவது இங்குள்ள சின்ட்-அன்னா-பேட கிராமத்துத் தேவாலயம். அவர் வரைந்த கல்யாண விருந்தில் குடம் குடமாக ஊற்றுவது லாம்பிக்தான் என்று உள்ளூர்க்காரர்கள் சத்தியம் பண்ணுகிறார்கள். ஓவியத்தை நாக்கால் நக்கிப் பார்க்க முடியாது என்பதால் விவாதம் தொடர்கிறது.

பிரஸ்ஸல்ஸிலிருந்து உள்ளூர் ரயிலில் தெற்கே கொஞ்ச தூரம் போனால் பேர்சல். அகழிக்கு நடுவே மூன்று கோபுரங்களோடு நிற்கும் பழைய செங்கல் கோட்டைக்காக மற்றவர்கள் வருவார்கள். பீர் பக்தர்களுக்கு இது அர்மான்ட் டெபெல்டரின் ஊர். ‘மூன்று ஊற்றுகள்’ என்று பொருள்படும் பெயர் கொண்ட அவருடைய கூடம் கெஸ் கலப்பதில் ஒரு கரானா மாதிரி. 2009 மே மாதம் கிடங்கின் வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் கருவி பழுதாகி, ராத்திரியோடு ராத்திரியாக உள்ளே அடுப்பு மாதிரி சூடேறியது. பாட்டில்கள் வெடிக்கத் தொடங்கின. வெடிக்காதவையும் வெந்துபோயின. பல்லாயிரம் பாட்டில்கள், பல வருஷ உழைப்பு. தொழிலே முடிந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். வீணானதையெல்லாம் திறந்து ஊற்றி, காய்ச்சி வடித்து, ஒரு சாராயமாக்கித் தன் பெயரிலேயே விற்றார் அர்மான்ட். பீர் காய்ச்சுவதை நிறுத்தி, சில வருஷம் கழித்து மறுபடி தொடங்கினார். 2022இல் அவர் இறந்தபோது, இந்தத் தொழிலுக்கு வாரிசுகள் இருந்தார்கள். 1970களில் யாரும் அப்படி எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

அந்த மே மாதச் சூடு கருவியின் கோளாறு. இப்போது வந்திருப்பது வேறு. லாம்பிக் காய்ச்சக் குளிர்காலம்தான் ஏற்றது. இரவில் பூஜ்யத்துக்குக் கொஞ்சம் கீழேயிருந்து 8 டிகிரி வரை. அதற்கு மேல் போனால் கஷாயம் ஆறுவதற்குள் வேண்டாத கிருமிகள் பெருகி, புளிப்பு தறிகெட்டுப் போகும். ழானின் தாத்தா காலத்தில் அக்டோபர் நடுவிலிருந்து மே வரை காய்ச்சியிருக்கிறார்கள். இப்போது நவம்பர் தொடங்கி மார்ச்சோடு முடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. 2015 நவம்பரில் இரவு வெப்பம் இறங்காததால் காய்ச்சலை நடுவில் நிறுத்தினார்கள். குளிர்சாதனம் வைத்து ஆறவைத்தால் என்ன என்று கேட்கலாம். வைக்கலாம்தான். ஆனால் அது ஜன்னலை மூடியதற்குச் சமம். நான் போயிருந்த அன்று சாயங்காலம், கொப்பரையை விட்டுக் கூரைக்குப் பக்கத்திலிருந்த வெப்பமானியைத்தான் வேலைக்காரர்கள் அடிக்கடி எட்டிப் பார்த்தார்கள்.

வெயிலும் புளிப்பும் எப்படி உறவாடும் என்பது நமக்குத் தெரியாததல்ல. ஈஸ்ட் போடாமல் காற்றையும் கலயத்தையும் நம்பிப் புளிப்பது கள்ளும்தான். பனையிலிருந்து விடியலில் இறக்கியது பதமாக இருக்கும், சாயங்காலம் கடுக்கும், மறுநாள் வினிகர். லாம்பிக் மூன்று வருஷத்தில் நடக்கிற தூரத்தை நம் ஊர் வெயில் ஒன்றரை நாளில் ஓட வைத்துவிடுகிறது. அங்கே ஒவ்வொரு நுண்ணுயிரும் தன் முறை வரும்வரை பொறுத்திருக்கக் காரணம், குளிர். கள்ளுக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. தமிழ்நாட்டில் அதற்கு 1987 முதல் தடை. கேரளத்தில் ஷாப்புகள் உண்டு. பெல்ஜியம் தன் புளிப்பை மியூசியத்தில் வைத்து டிக்கெட் போட்டதையும் நாம் நம்முடையதைப் போலீஸ் ஸ்டேஷனில் வைத்ததையும் பற்றி இங்கே பேச ஆரம்பித்தால் அது வேறு கட்டுரை.

பழைய பாட்டில் ஒன்றைத் திறந்து பார்க்காமல் திரும்புவதாக இல்லை. நல்ல கெஸ் பாட்டிலின் லேபிளில் 20 வருஷம் தள்ளிக் காலாவதித் தேதி போட்டிருப்பார்கள். இப்படிப்பட்ட பாட்டில்களை நிலவறையில் படுக்கவைத்துப் பாதுகாக்கும் ஒரு கிராமத்துக் கடை, பாயோட்டன்லாந்தின் ஐசரிங்கனில், தேவாலயத்துக்கு எதிரே இருக்கிறது. பெயரைத் தமிழாக்கினால் ‘பெருந்தாகக் காப்பீடு’. ஞாயிறு காலையில்தான் திறக்கும். அதைத் தவிர, தேவாலயத் திருநாட்களிலும் ஊரில் சாவு விழுந்தால் அடக்கம் நடக்கும் நாளிலும் திறக்கும்.

பூசை முடிந்து வந்த கிழவர்கள் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு வருஷத்துக் கெஸ் ஒன்று கேட்டேன். நிலவறையிலிருந்து ஒரு பிரம்புக் கூடையில் படுத்த வாக்கிலேயே கொண்டுவந்தார்கள். நிமிர்த்தினால் அடிமண்டி கலங்கும். குழந்தையைத் தொட்டிலோடு தூக்கி வருவது மாதிரி இருந்தது. தக்கை சத்தமில்லாமல் வந்தது. தொட்டுக்கொள்ள, தடித்த பழுப்பு ரொட்டியில் தண்ணீர் வடித்த தயிர் போன்ற வெள்ளைச் சீஸ் தடவி, மேலே முள்ளங்கி வில்லைகள்.

நிறம் பழைய வெண்கலம். நுரை மெல்லிய வளையமாக விளிம்பில் நின்றது. இளசில் இருந்த எலுமிச்சை எங்கோ போய்விட்டது. அதன் இடத்தில் உப்பில் ஊறிய நார்த்தங்காய். தொழுவம் தூரத்தில். நடுவில் தேன் வாசனை, ஆனால் நாக்கில் தேன் இல்லை. டம்ளர் அறைச் சூட்டுக்கு வர வர ஒவ்வொரு மிடறும் வேறாக இருந்தது. அவசரப்பட்டுக் குடிக்க முடியாத பீர். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் கலந்தார்கள் என்றால், இதில் உள்ள மூத்த லாம்பிக் பதினைந்து வருஷத்துக்கு முந்தைய ஒரு குளிர்கால இரவில் கூரைக்கடியில் ஆறியது. அப்படியொரு இரவு இந்த டிசம்பரில் எத்தனை தடவை வரும் என்று பக்கத்து மேஜைப் பெரியவரிடம் பேச்சுக்கொடுத்தேன். அவர் சீட்டிலிருந்து தலையைத் தூக்காமல் தோளைக் குலுக்கினார். அவர் சிறுவனாக இருந்தபோது நவம்பரிலேயே குளம் உறைந்துவிடுமாம்.

கடை மதியத்தோடு மூடிவிடும் என்றார்கள். பாதிப் பாட்டில் பாக்கி. மறுபடி எப்போது திறப்பீர்கள் என்று கல்லாவில் இருந்தவரைக் கேட்டேன்.

“அடுத்த ஞாயிற்றுக்கிழமை” என்றார். “நடுவில் யாராவது போய்ச்சேர்ந்தால் முன்னாடியே.”